அத்தரை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்வோம்

போன சீசனில் ஒரு நாள். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு, அதன் லெ போர் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கிய ஓர் அம்மாள் என் வேனில் ஏறி உட்கார்ந்தார். அடுத்த நிமிடமே பின்னால் இருந்த மூன்று பேரும் ஜன்னல் கைப்பிடியைத் தேடினார்கள். அவ்வளவு செண்ட். நல்ல செண்ட்தான், விலையும் அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பை நம் சட்டைமேலேயே கவிழ்த்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு எங்கள் திட்டம் சிலாவோஸ் மலையில் ஒயின் சுவைப்பது, வருகிற வழியில் ஒரு வீட்டில் சாப்பாடு. மலை ஏறி, ஒயின் அறைக்குள் போய், குளிர்ந்த வெள்ளை ஒயினை ஊற்றிக் கொடுத்தார்கள். ஆளாளுக்குக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார்கள். "என்ன தெரிகிறது?" என்று ஊற்றிக் கொடுத்தவர் கேட்டார். நான்கு பேரும் ஒரே குரலில், "மல்லிகை." அவர் கிளாஸைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

தப்பு அந்த அம்மாளுடையது இல்லை. கப்பலில் கொடுத்த வண்ணத்தாளில் "உணவு, ஒயின், நறுமணம், கலை, உங்களுக்கே உங்களுக்கான ஒரு நாள்" என்று போட்டிருந்தது. நறுமணம் என்றதும் அவர் தம்மிடம் இருந்ததில் நல்லதை எடுத்துப் பூசிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டுவதுபோல. நான்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இப்போது முன்பதிவை உறுதிசெய்து அனுப்பும் செய்தியில் முதல் வரியே இதுதான்: காலையில் செண்ட் வேண்டாம், அத்தரை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்வோம்.

நான் புதுச்சேரிக்காரன். மாமனார் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமாகி வந்த வழியில் இந்தத் தீவில் வந்து விழுந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. சேன் பியேரில் வீடு. ஆறு பேர் உட்காரும் வேன் ஒன்று, அதற்குரிய உரிமம், மனைவி, மாமியார், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். வீட்டில் நாள் முழுக்கத் தமிழ்தான், மகள் மட்டும் பதிலை இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்வாள். தொழில் என்று பார்த்தால், கடற்கரை ஓட்டல்களில் தங்குகிறவர்களையும் கப்பலில் ஒரு பகல் பொழுதுக்கு இறங்குகிறவர்களையும் தீவுக்குள்ளே கூட்டிப் போவது.

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் கடலுக்காகத்தான் வருகிறார்கள். ஆனால் எங்கள் கடல் அவ்வளவு சுலபமானது இல்லை. 2011-இலிருந்து அடுத்தடுத்துச் சுறா தாக்குதல்கள். 2013-இல் பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாத பகுதியையும் காவல் உள்ள சில இடங்களையும் தவிர வேறெங்கும் குளிக்கத் தடை போட்டார்கள். சேன் ஜில் பக்கத்தில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்ற பிறகு மனிதர்கள் மலையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்குவார்கள். அப்போதுதான் எனக்கு போன் வரும்.

"எக்ஸ்பெரியான்ஸ் பிரிவே" என்று பிரெஞ்சில் ஒரு சொல் இப்போது ரொம்பப் புழங்குகிறது. தனி அனுபவம். கூட்டம் கிடையாது, வரிசை கிடையாது, உங்களுக்காகவே ஒருவர் கதவைத் திறப்பார். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அது என்ன என்று எனக்கு மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் புரிந்தது. ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரர் தன் வேலையைச் செய்வதை அவசரப்படாமல் பார்ப்பது. அதற்கு நம் ஊரில் காசு வாங்க மாட்டார்கள். இங்கே வாங்குகிறோம். அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிலாவோஸ். தீவின் நடுவில் மூன்று பெரிய மலைக்கிண்ணங்கள் இருக்கின்றன. சலாசி, மஃபாத், சிலாவோஸ். பழைய எரிமலை சரிந்தும் அரித்தும் உண்டான பள்ளங்கள், சுற்றிலும் ஆயிரம் மீட்டர் சுவர். பக்கத்திலேயே 3,070 மீட்டர் உயரத்தில் பித்தோன் தே நேஜ் சிகரம். சேன் லூயியிலிருந்து சிலாவோஸுக்கு ஒரே ஒரு ரோடு. 1932-இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் பணக்காரர்கள் வெந்நீர் ஊற்றில் குளிக்க நாற்காலிப் பல்லக்கில் போவார்கள், தூக்குகிறவர்கள் வியர்த்து வழிந்து போவார்கள். ரோட்டில் நானூறு வளைவு என்று சொல்லிக்கொள்கிறார்கள். என் மனைவி ஒருமுறை எண்ணத் தொடங்கி, தொண்ணூறு தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வண்டி மட்டும் நுழையும் சுரங்கம் உண்டு. உள்ளே போகுமுன் ஹாரன் அடித்துவிட்டு, பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். மழை பலமானால் பாறை விழும், ரோட்டை மூடிவிடுவார்கள். எலுமிச்சம்பழம் இல்லாமல் நான் அந்த ரோட்டில் ஆளை ஏற்றுவதில்லை. நான் தருவது முகர்ந்து பார்க்க. வெள்ளைக்காரர்கள் அதைப் பிழிந்து குடித்துவிடுகிறார்கள், சரி, அதுவும் வேலை செய்கிறது.

வெப்பமண்டலத் தீவில் திராட்சை எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். சிலாவோஸ் ஊர் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை மாத இரவில் அங்கே கம்பளி இல்லாமல் இருக்க முடியாது. திராட்சைக் கொடிக்குத் தூங்குவதற்கு ஒரு குளிர்காலம் வேண்டும், அது இங்கே கிடைக்கிறது. ஆனால் பழம் பழுக்கிற நேரம் புயல் மழைக்காலம். கொத்து முற்றும்போது மேகம் இறங்கி உட்கார்ந்தால் பூஞ்சை பிடித்துவிடும். புயலுக்கும் பூஞ்சைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியில் அறுத்துவிட வேண்டும்.

பழைய கொடி இசபெல் என்ற வகை. வீட்டுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு ஏற்றியிருப்பார்கள், நம் ஊரில் அவரைக்காய்ப் பந்தல் போல, கீழே கோழி மேயும். அதிலிருந்து வரும் ஒயின் இனிப்பானது, குடித்தால் புத்தி கெட்டுவிடும் என்று பேர். அந்தப் பேருக்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது. பிரான்ஸில் 1930-களில் ஒயின் உற்பத்தி மிஞ்சிப்போய் விலை விழுந்தது. 1934 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டு இசபெல் உட்பட ஆறு வகைக் கொடிகளைத் தடை செய்தார்கள். குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்ற பேச்சு அந்தத் தடைக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஆனாலும் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போட்ட சட்டம் இந்த மலைக்கிண்ணத்துக்குள் ஏறிவரவே மூச்சு வாங்கியிருக்கும். பந்தல்கள் நின்றன. 1990-களில்தான் கூட்டுறவு வைத்து மால்பெக், செனின் போன்ற நல்ல சாதிக் கொடிகளை நட்டு முறையான ஒயின் செய்யத் தொடங்கினார்கள்.

எப்படி இருக்கும் அந்த ஒயின்? உள்ளதைச் சொல்கிறேன். வெள்ளை பரவாயில்லை, குளிர வைத்துக் குடித்தால் நன்றாகவே இருக்கிறது. சிவப்பு சுமார். இனிப்பு ஒயின்தான் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நெல்லிக்காய் ஊறல் ஞாபகம் வரும். ஒயினுக்குப் பேர்போன போர்தோ ஊர்க்காரர் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு உதட்டைச் சுழித்தார். அந்த மனிதரைத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கூட்டிப்போய் நிறுத்தினேன். எதிரே செங்குத்தான மலைச்சுவர், காலடியில் ஒரு சேவல். இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தார். உருப்படியான ஒயின் வேண்டும் என்றால் சேன் ஜில் சூப்பர் மார்க்கெட்டிலேயே நல்ல பிரெஞ்சு பாட்டில் கிடைக்கும் என்று நானே சொல்லிவிடுவேன்.

சிலாவோஸில் இன்னொன்று பருப்பு. மைசூர்ப் பருப்பின் பழுப்புத் தம்பி மாதிரி சின்னதாக இருக்கும். செங்குத்துப் பாத்திகளில் கையால் விதைத்து, கையால் பிடுங்கி, காயவைத்து அடித்து எடுக்கிறார்கள். விலையைக் கேட்டால் என் மாமியார் "இது என்ன தங்கக் குண்டுமணியா" என்பார். வேகவைத்து, பூண்டு தட்டிப் போட்டு, ஒரு கரண்டி சோற்றில் விட்டால் அவரே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வார்.

மூன்றாவது பூவேலை. இதைக் கலை என்று அட்டையில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை, எனக்கு அந்த ஊரிலேயே இதுதான் பெரிசு. நூறு வருடத்துக்கு முன்னால் வெந்நீர் ஊற்று மருத்துவரின் மகள் ஆஞ்செல் மக்ஒலிஃப் என்பவர் ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. துணிமேல் பூ தைப்பது இல்லை இது. முதலில் துணியிலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார்கள். ஓட்டை விழுந்த இடத்தில் மிச்சம் நிற்கும் இழைகளைச் சேர்த்துக் கட்டிக் கட்டிப் பூ வரவைக்கிறார்கள். ஒரு சின்ன மேசை விரிப்புக்கு மாதக்கணக்கு. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி நூல் உருவுவதை என் மகள் அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருப்பதே அபூர்வம்.

அப்புறம் மணம். மலையின் மேற்குச் சரிவில், மாய்தோ போகும் வழியில் பெத்தித் பிரான்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஜெரானியம் காய்ச்சுவார்கள். பேர்தான் ஜெரானியம், செடி வேறு. பெலார்கோனியம் என்ற இனம், பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. பூவுக்கு வாசனை கிடையாது, இலைக்குத்தான். கசக்கினால் ரோஜா, அதற்குப் பின்னால் கொஞ்சம் புதினா, இன்னும் பின்னால் ஈர மண். ரோஜா எண்ணெய் யானை விலை என்பதால் அத்தர் செய்பவர்கள் இதைத் தேடி வந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே மேட்டு நிலங்களில் பயிர் ஏறியது, அடுத்த நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தத் தீவுதான் அந்தத் தொழிலுக்கே தலைநகர். தீவின் பழைய பேர் பூர்போன். "ஜெரானியம் பூர்போன்" என்றால் உலகமெங்கும் அதுதான் தரத்துக்கு அளவுகோல். பிறகு சீனாவும் எகிப்தும் மலிவாகச் செய்யத் தொடங்கின. இங்கே கூலி கட்டுபடியாகவில்லை. இப்போது மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்.

நான் போவது ஒரு கிழவரிடம். இங்கே வயதானவரைக் கிராமூன் என்பார்கள், மரியாதையான சொல். அவருடைய வாலை, அதாவது காய்ச்சி வடிக்கும் பாத்திரம், செம்பில் ஆனது, அவருடைய அப்பா காலத்தது. நம் ஊரில் சித்த மருந்து செய்பவர்களிடம் பார்த்த அதே வாலைதான், ஆள் உயரத்துக்கு. விடிகாலையில் அறுத்த இலையைக் கழுத்து வரை திணித்து, மேலே ஏறி நின்று காலால் மிதிக்கிறார். மூடி போட்டு, விளிம்பில் ஆவி போகாமல் இறுக்கி, அடியில் கட்டையைத் தள்ளுகிறார். ஆவி வளைந்த குழாய் வழியாகக் குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறங்கி, மறுபக்கம் ஒரு சின்னத் தகரக் குவளையில் சொட்டும். தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு படலம். அரை டன் இலைக்கு ஒரு லிட்டர் வந்தால் கெட்டிக்காரத்தனம்.

விருந்தாளிகள் எல்லோரும் அந்தக் குவளைக்குள் மூக்கை விடப் பார்ப்பார்கள். கிராமூன் விடமாட்டார். சூடாக இருக்கும்போது அது ரோஜாவாக இருக்காது, முட்டைக்கோசு வேகும் நெடி அடிக்கும். "நாளைக்கு வா, வாரம் கழித்து வா, அப்போதுதான் இது தன் பேரைச் சொல்லும்" என்பார். கப்பல்காரர்களுக்கு நாளை ஏது? அதனால் போன மாதம் வடித்ததில் ஒரு சொட்டு புறங்கையில் வைப்பார். என்ன விலை கொடுத்து வந்தாலும் இந்தக் காத்திருப்பை மட்டும் நான் அவர்களுக்கு ஏற்பாடு செய்துகொடுக்க முடியவில்லை.

மூக்கு களைத்துவிட்டால் காப்பிக் கொட்டையை முகரச் சொல்வார்கள் கடைகளில். அது வெறும் இன்னொரு வாசனை. சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்தால் போதும், மூக்கு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். கிராமூன் சொல்லிக் கொடுத்தது. ஆறு பேர் ஒரே நேரத்தில் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பதை அங்கே வந்த ஒரு தபால்காரர் பார்த்துவிட்டு, ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

மணம் என்று வந்தால் எனக்கென்று ஒரு பெருமை இருக்கிறது. ஒருமுறை பாரிஸில் அத்தர்க் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். தீவின் தெற்கே சேன் ஜோசேஃப் மேட்டில் ஒரு நிலத்தில் வேர் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டே, "வெத்திவே, பூர்போன் வெத்திவே" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவர்கள் தொழிலில் இந்தத் தீவின் வெட்டிவேருக்கு அவ்வளவு மதிப்பு. நான் சொன்னேன்: "முசே, அது எங்கள் சொல். வெட்டி எடுக்கிற வேர், வெட்டிவேர்." அவர் நம்பவில்லை. போனில் அகராதியைப் பார்த்தார். தமிழ் என்று போட்டிருந்தது. அப்புறம் என்னை நான்கு தடவை சொல்லச் சொன்னார். நாக்கை மடித்து "ட்டி" சொல்ல அவருக்கு வரவேயில்லை. வெட்டிவேரை வாலையில் வைப்பது ஜெரானியம் போல இல்லை. மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே கனம், பிரிந்து வர அடம் பிடிக்கும். இந்தத் தீவில் அந்தப் புல்லைக் கொண்டு கூரையும் வேய்ந்திருக்கிறார்கள். என் மாமியார் அதையெல்லாம் கேட்டுவிட்டு, "பானையில போட்டா தண்ணி குளுமையா இருக்கும், அதை விட்டுட்டு இத்தனை பாடு எதுக்கு" என்றார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே தமிழ்வழி வந்தவர்களை மல்பார் என்பார்கள். மலபாருக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பெரும்பாலும் காரைக்கால், புதுச்சேரி, சென்னை வழியாகக் கப்பல் ஏறியவர்கள். 1848 டிசம்பர் 20-இல் இங்கே அடிமை முறை ஒழிந்தது, கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது, ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். ஐந்தாறு தலைமுறையில் பேச்சு போய்விட்டது. கோயிலில் பூசாரியைப் பூசாரி என்றுதான் சொல்கிறார்கள், நாடகத்தை நர்ல்கோன் என்கிறார்கள், அதைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் வர்த்தியல். மிச்சச் சொற்கள் எல்லாம் அடுப்படியில் ஒளிந்துகொண்டன. கொத்தமல்லி இங்கே கொத்தோமிலி. கறிவேப்பிலை கலுபிலே. பீர்க்கங்காய் பிபாங்காய். தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் இடித்த தொக்கு ருகாய், நம் ஊறுகாய்தான் அது என்கிறார்கள். இடிக்கும் கல்லுரலைக் கலூ என்பார்கள், என் காதுக்கு அது கல்தான்.

சேன் லூயியில், கோல் சர்க்கரை ஆலைப் பக்கம், கரும்புக்கு நடுவில் ஒரு வீடு. எழுபது தாண்டிய மல்பார் அம்மாள் ஒருவர் சமைக்கிறார். நான் அவரை ஆயா என்பேன். முதல் தடவை கூப்பிட்டபோது, "அது யாரு?" என்று கிரியோலில் திருப்பிக் கேட்டார். இப்போது பழகிவிட்டது, பேரப்பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுகிறார்கள். அவர் வீட்டில் கறி வேறு, மசாலே வேறு. கறி என்றால் வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள், தைம் இலை, அவ்வளவுதான். ஆட்டுக்கறிக்கு மட்டும் வறுத்து அரைத்த மசாலே. அது கோயில் விசேஷத்து மணம், மற்ற நாளில் எடுக்க மாட்டார், விருந்தாளிக்காக எடுக்கிறார். வாழையிலையில்தான் பரிமாறுவார். இங்கே வாழையிலை "ஃபேய் ஃபிக்", அதாவது அத்தி இலை. வாழைப்பழத்துக்கு இங்கே அத்தி என்று பேர். நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

பேர் குழப்பத்தில் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். மஞ்சளுக்கு இங்கே சஃப்ரான் என்று பேர். பாரிஸ்காரர் ஒருவர் நான் அனுப்பிய பட்டியலில் "சஃப்ரான் போட்ட கோழி" என்று படித்துவிட்டு வந்து, இலையில் மஞ்சள் குழம்பைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. குங்குமப்பூ எங்கே, இது மஞ்சள்தூள், இதற்கா இந்த விலை என்று தணிந்த குரலில் என்னிடம் கேட்டார். ஆயாவுக்குக் கேட்டுவிட்டது. உள்ளே போய், மண் ஒட்டிய பச்சை மஞ்சள் கிழங்கைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கத்தியால் கீறினார். "எங்க சஃப்ரான் மண்ணுக்கு அடியில இருக்கு. உங்க சஃப்ரான் பூவுல இருக்கு. நான் பொய் சொன்னேனா?" அந்தப் பாரிஸ்காரருடைய விரல் மூன்று நாளைக்கு மஞ்சளாக இருந்திருக்கும், கிழங்கை வாங்கி அப்படித் தேய்த்துப் பார்த்தார்.

பணம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. முதல் தடவை உறையில் போட்டு நீட்டியபோது ஆயா வாங்கவில்லை. "சோத்துக்கா?" என்றார். அவருடைய மகள்தான் கணக்குப் பார்த்தாள். கோழி, கறி, கேஸ், இரண்டு நாள் வேலை. பிறகு முறைப்படி பதிவு செய்து "தாப்ள் தோத்" ஆக்கினோம். அதன் இலக்கணமே வீட்டுக்காரரும் விருந்தாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. அங்கேதான் வந்தது சிக்கல். விருந்தாளி எழுந்திருக்கும்வரை ஆயா உட்காரமாட்டார். பரிமாறுகிறவள் எப்படி நடுவில் உட்காருவாள் என்பது அவர் கேள்வி. பிரெஞ்சு மேசை வழக்கமும் காரைக்கால் பந்தி வழக்கமும் மோதியதில், கடைசியில் ஓர் ஒப்பந்தம்: மேசைக் கோடியில் அவருக்கும் ஓர் இலை விரித்துவைப்போம். அதில் ஒரு கரண்டி சோறு இருக்கும். அவர் நின்றுகொண்டே பரிமாறுவார். உறையை இப்போது மகள் வாங்கிக்கொள்கிறாள், ஆயா அந்த நேரம் பார்த்துக் கோழிக்குத் தீனி போடப் போய்விடுவார்.

காசு வாங்குவதில் எனக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. ஒரு பயண நிறுவனத்துக்காக இரண்டு வருடம் ஓட்டினேன். அவர்கள் ஒரு நாள் தங்கள் தாளில் "தமிழர்களின் இரகசியச் சடங்கு" என்று அச்சடித்துவிட்டு ஐந்து பேரை என்னிடம் அனுப்பினார்கள். கோயிலில் ஆடு வெட்டும் நாள். வந்தவர்கள் கையில் பெரிய பெரிய கேமரா. நேர்த்திக்கடன் கொடுக்கிற குடும்பம் ஆறு மாதமாக விரதம் பேசி, காசு சேர்த்து, தலைமுழுகி நிற்கிறது. இவர்கள் எந்தக் கோணத்தில் ரத்தம் தெரியும் என்று கேட்கிறார்கள். வேனைத் திருப்பி சேன் லே கடற்கரையில் இறக்கி ஆளுக்கு ஓர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், என் காசில். அந்த நிறுவனம் அதோடு என்னைக் கூப்பிடவில்லை. நல்லது. கோயிலுக்கே யாரையும் கூட்டிப்போவதில்லை என்றில்லை. சேன் அந்த்ரேயிலும் சேன் போலிலும் கோபுரம் பார்க்க அழைத்துப் போவேன், காலையில் மாட்டிறைச்சி சாப்பிடாமல், செருப்பு இல்லாமல், தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு. சில சமயம் கோபுரப் பொம்மைகளுக்கு வண்ணம் பூச நம் ஊர்ச் சிற்பிகள் வந்திருப்பார்கள். அவர்கள் சாரத்தின் மேலிருந்து "சார், இங்க நல்ல டீ எங்க கிடைக்கும்?" என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கலை என்று பணம் கட்டியவர்களை சேன் தெனியில் லியோன் தியேர்க்ஸ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும். அங்கே எனக்கு ஓவியங்களைவிட அவை வந்த கதை பிடிக்கும். அம்புருவாஸ் வொல்லார் 1866-இல் இதே சேன் தெனியில் பிறந்தவர். சட்டம் படிக்கப் பிரான்ஸ் போனவர் ஓவிய வியாபாரி ஆகிவிட்டார். 1895-இல் செசானுக்கும் 1901-இல் பிக்காசோவுக்கும் பாரிஸில் கண்காட்சி வைத்தது அவர்தான். அவர் இறந்த பிறகு, 1947-இல், தம்பி லுசியேன் அவர் சேர்த்த ஓவியங்களில் ஒரு பகுதியைத் தீவுக்குக் கொடுத்தார். இதெல்லாம் அருங்காட்சியகத்திலேயே சொல்வார்கள். நான் சொல்வது நிலவறைக் கதை. லாஃபித் தெருவில் வொல்லாரின் கடைக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தது. அங்கே நண்பர்களை அழைத்து விருந்து வைப்பார். தெகா, ரெனுவார் மாதிரி ஓவியர்கள். பொன்னார் என்ற ஓவியர் அந்த விருந்தையே வரைந்திருக்கிறார். அங்கே என்ன சாப்பாடு தெரியுமா? ரீயூனியன் கோழிக்கறி. ஒரு நிலவறை, அழைத்தவர்களுக்கு மட்டும் கதவு, நல்ல ஒயின், சுவரில் யாரும் வாங்காத ஓவியங்கள், நடுவில் ஒரு சட்டி கறி. இப்போது வண்ணத்தாளில் அச்சடித்து விற்கிற "தனி அனுபவம்" எல்லாம் நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் தீவுக்காரர் பாரிஸுக்கே செய்துகாட்டியதுதான். இதைச் சொன்னால் ஆயா கேட்கிறார், "அந்தக் கறிக்கு மஞ்சள் யார் அனுப்பினது?" நியாயமான கேள்வி.

அந்தச் செண்ட் அம்மாளை விட்டுவிட்டேன். ஒயின் அறையில் அப்படி ஆனதும் அவருக்கும் புரிந்துவிட்டது. கைக்குட்டையை நனைத்துக் கழுத்தைத் துடைத்துத் துடைத்துச் சிவப்பாக்கிக்கொண்டார். எவ்வளவு துடைத்தாலும் மல்லிகை போகவில்லை. ஆயா வீட்டில் சாப்பிடும்போதும் ஒதுங்கி, காற்று போகும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாலை லெ போர் வாசலில் இறக்கிவிடும்போது, வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். மாமியாரின் பானைத் தண்ணீர், ராத்திரி முழுக்க வேர் ஊறியது. அவர் ஒரு மிடறு குடித்தார். நிறுத்தினார். மூக்கால் தெரியாத வாசனை தொண்டை வழியாக ஏறித் தெரியும் என்பார்கள், அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும்.

"இது என்ன?"

"வெட்டிவேர், மதாம்."

"வெத்திவே? இதைக் குடிப்பீர்களா?"

"எங்கள் வீட்டில் குடிப்போம்."

டம்ளரில் பாதி மிச்சம் இருந்தது. கப்பல் ஊதியது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு விரலை அதில் நனைத்து, காதுக்குப் பின்னால் ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம் தடவிக்கொண்டார். மீதியைக் குடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார்.